பிரான்ஸில் பத்துப் பன்னிரண்டு ஈரோவுக்குள் நல்ல சிவப்பு வைனும் இனிப்பு வைனும் கிடைக்குமா? எங்கள் நாக்கால் சுவைத்து மதிப்பெண் போட முடியுமா?

கேள்வியின் இரண்டாம் பாதிக்கு முதலில் பதில் சொல்கிறேன். அதுதான் எனக்குச் சுட்டது. "காரம் தின்று பழகிய நாக்குக்கு வைன் விளங்காது" என்று வேலையிடத்தில் யாரோ உங்களுக்குச் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். இதே வசனத்தை நான் 1999இல், பரிஸில் ஓர் உணவகத்தின் பின்பக்கத்தில், கோப்பை கழுவும் தொட்டிக்கு முன்னால் நின்று கேட்டேன்.

நீங்கள் வந்து இரண்டு மூன்று வருடம் இருக்கும் என்று நினைக்கிறேன். கூட வேலை செய்கிறவர் வீட்டுக்குச் சாப்பிட அழைத்திருப்பார். வெறுங்கையோடு போகக் கூடாது. சுப்பர்மார்க்கெட்டில் சுவர் முழுக்கப் போத்தல், எல்லாவற்றிலும் ஒரு கோட்டையின் படம். எதை எடுத்தாலும் சிரிப்பார்களோ என்ற பயம். அந்தச் சுவருக்கு முன்னால் நானும் நின்றிருக்கிறேன்.

தொடங்க முன் ஒன்று. "குடியை வளர்க்கிறான்" என்று கீழே எழுத வருகிறவர்களுக்கு: குடியால் அழிந்த வீடுகளை எங்கள் ஊரிலும் கண்டேன், இங்கேயும் கண்டேன். வைத்தியர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். குடிக்காதவரைக் குடிக்கச் சொல்லி இதில் ஒரு வரியும் இல்லை. சுவை பார்ப்பது என்பது வாயில் வைத்துச் சுழற்றித் துப்புவது. தொழிலில் இருப்பவர்கள் ஒரு காலையில் ஐம்பது வைன் பார்த்துவிட்டு நேராக நடந்து போவது அப்படித்தான்.

இனி அந்த இரவு. நாலு பேர் இருந்த மேசையொன்றில் இரண்டாவது போத்தல் திறந்து, ஆளுக்கு ஒரு வாய் குடித்து, அப்படியே விட்டுவிட்டு எழும்பிப் போய்விட்டார்கள். முறைப்பாடு எதுவும் இல்லை. கிளாஸ்கள் என்னிடம் வந்தன. ஊற்ற எடுத்தபோது மாரிகாலத்தில் நனைந்து, காயாமல் மூலையில் கிடந்த சணல் சாக்கின் மணம் வந்தது. எங்கள் வீட்டுக் கொட்டிலில் நெல் மூட்டை அடுக்கிய இடம் அப்படியே கண்ணுக்குள் வந்தது. தலைமைப் பரிசாரகரைக் கூப்பிட்டு, எனக்குத் தெரிந்த அரைகுறைப் பிரெஞ்சில், "இந்தப் போத்தல் பழுது" என்றேன். அவர் சிரித்தார். அப்போதுதான் அந்த நாக்கு வசனம் வந்தது. சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள்.

வைனுக்குப் பொறுப்பாக இருந்த வயதான மனிதர் மட்டும் சிரிக்கவில்லை. கிளாஸை வாங்கி மணந்தார். "புஷோனே" என்றார். தக்கை கெடுத்த வைன். தக்கையில் பூஞ்சணமும் குளோரின் சேர்மங்களும் சேர்ந்து உண்டாக்கும் ஒரு பொருளால் வருவது அது. ஒரு லீற்றரில் சில நனோகிராம் இருந்தாலே மூக்குக்குத் தெரிந்துவிடும். அந்த மேசையில் யாரும் அதைச் சொல்லவில்லை, பரிமாறியவரும் கவனிக்கவில்லை. கழுவ நின்ற நான் சொன்னேன். இருபத்தைந்து வருடத்துக்கு மேலாகிறது, இன்றைக்கும் எனக்கு அது பெருமைதான்.

அதன் பிறகு நாலு வருடம், சனிக்கிழமை வேலை முடிந்த பின், மிஞ்சிய போத்தல்களை வரிசையாக வைத்து அவர் எனக்குச் சொல்லித் தந்தார். கையில் சான்றிதழ் எதுவும் இல்லாத மனிசன் நான். "உனக்கு என்ன தகுதி" என்று கேட்பவர்களுக்கு அந்த நாலு வருடம்தான் என் பதில்.

அந்த உணவகத்தைப் பற்றி வாய் திறந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். கிழமைக்கு அறுபது மணித்தியாலம் வேலை செய்தேன். சம்பளச் சீட்டில் இருபது போட்டார்கள். மிச்சம் கையில் காசு. அப்போது மொழியும் இல்லை, கேட்கத் துணிவும் இல்லை. இப்போது ஓய்வூதியக் கணக்கெடுத்துப் பார்க்கிறேன், அந்த வருடங்களில் செய்த வேலையில் மூன்றில் ஒரு பங்குதான் பதிவாகியிருக்கிறது. எத்தனை தமிழ்ப் பிள்ளைகள் இந்த நகரத்தின் குசினிகளைத் தூக்கி நிறுத்தினார்கள், எத்தனை பேருக்கு இந்த ஓட்டை இருக்கிறது! தம்பி, வைனை விடுங்கள், சம்பளச் சீட்டில் மணித்தியாலம் சரியாக விழுகிறதா என்று இந்த மாதமே பாருங்கள். பழைய சீட்டுகளை எறிய வேண்டாம்.

சரி, நாக்குக்கு வருவோம். சிவப்பு வைனில் முக்கியமானது துவர்ப்பு. திராட்சைத் தோலிலும் விதையிலும் இருந்து வருவது. பிரெஞ்சுக்காரன் இதைச் சொல்லப் பட்டுத்துணி, வெல்வெட், அரத்தாள் என்று தொடுகையைத் துணைக்குக் கூப்பிடுகிறான். எங்களுக்கோ துவர்ப்பு அறுசுவையில் ஒன்று. ஊரில் கயர் என்போம். பச்சைப் பாக்கு, வாழைப்பூ, மாதுளந்தோல், நாவல்பழம், சாயம் கூடின வெறுந்தேத்தண்ணி என்று துவர்ப்பில் இத்தனை வகையைச் சின்ன வயதிலேயே பிரித்து அறிந்த நாக்கு இது. காசிஸ் என்று இங்கே சொல்லும் கறுப்புப் பெரியும் காட்டுப் பெரியும் தெரியாவிட்டால் வைன் பேச முடியாது என்று யார் சொன்னது? வாயில் வைத்துப் பாருங்கள். துவர்ப்பு நாவல்பழம்போல் வந்து கரைந்துபோனால் நல்லது. பச்சைப் பாக்குப்போல் கன்னத்தைப் பிடித்துக்கொண்டே நின்றால், ஒன்று வைன் இளசு, அல்லது மோசம்.

காரத்தைப் பற்றி அந்த ஆள் சொன்னதில் ஒரு துளி உண்மை மட்டும் உண்டு. காரக் கறியோடு குடித்தால் துவர்ப்பும் அல்ககோலும் இரண்டு மடங்கு கடுமையாகத் தெரியும். அது சாப்பாட்டுப் பொருத்தம் பற்றிய விசயம். நாக்கில் குறையில்லை. கறிக்குத் துவர்ப்புக் குறைந்த கமே திராட்சையை எடுங்கள், போஜோலே பக்கத்து வைன். நவம்பர் மூன்றாவது வியாழன் வருகிற புது வைனைச் சொல்லவில்லை. மொர்கோன், பிளரி, புரூயி என்று ஊர்ப்பெயரோடு வரும் பத்து ஊர் வைன்கள் இருக்கின்றன, பத்திலிருந்து பதின்மூன்று ஈரோ. அரை மணித்தியாலம் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட்டு ஆட்டிறைச்சிக் கறியோடு குடித்துப் பாருங்கள்.

மதிப்பெண்ணை நாங்கள் வீட்டில் இப்படித்தான் போடுகிறோம். ஞாயிறு மத்தியானம், நானும் மனைவியும் இரண்டு நண்பர்களும். போத்தல்களைப் பத்திரிகைத்தாளில் சுற்றி இலக்கம் போட்டு விடுவோம். விலையும் பெயரும் கடைசியில்தான் தெரியும். இதில் நான் பிடிவாதக்காரன், காரணம் இருக்கிறது. பொர்தோவில் பிரெடெரிக் புரோஷே என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் வைன் படிக்கும் 54 பேருக்கு வெள்ளை வைனில் சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தார்கள். 2001இல் அந்த ஆய்வு வெளிவந்தது. அவர்கள் சிவப்பு வைனுக்குரிய மணங்களையே எழுதினார்கள். படித்தவர்களையே கண் அப்படி ஏமாற்றும் என்றால், விலைச்சீட்டைப் பார்த்துக்கொண்டு நாங்கள் போடும் எண்ணுக்கு என்ன பெறுமதி?

நூறுக்குப் போடுவது அமெரிக்க வழக்கம். நாங்கள் இங்குள்ள பள்ளிக்கூடம்போல இருபதுக்குப் போடுகிறோம். மணத்துக்கு ஐந்து, வாயில் சமநிலைக்கு எட்டு, விழுங்கிய அல்லது துப்பிய பின் எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதற்கு நாலு, இன்னொரு கிளாஸ் வேண்டுமா என்பதற்கு மூன்று. கடைசி மூன்றைச் சேர்த்தது மனைவி. அவதான் சரி.

போன மாரியில் பார்த்த சிவப்புகளில், பதக்க ஒட்டுப்படம் ஒட்டிய ஐந்து ஈரோப் பொர்தோவுக்குப் பத்து விழுந்தது. பிழையில்லாத வைன், ஞாபகத்தில் நிற்காத வைன். தங்கப் பதக்கத்தைப் பார்த்து மயங்க வேண்டாம், போட்டிக்கு வந்தவற்றில் மூன்றில் ஒரு பங்கு வரைக்கும் பதக்கம் கொடுக்க இங்கே சட்டம் இடம் தருகிறது. ஆறரை ஈரோ கொத் து ரோன், கிரனாஷ், சிரா என்ற இரண்டு திராட்சைகள் கலந்தது, மிளகு மணத்தோடு பதின்மூன்று வாங்கியது. மல்பெக் திராட்சையில் செய்யும் காவோர் வைன், ஒன்பது ஈரோ, நாக்கையே நாவல்பழம் தின்றதுபோல் ஊதாவாக்கிவிட்டுப் பதினாலு எடுத்தது. ஷினோன் வைனில் எங்களுக்குள் சண்டை. கபெர்னே பிரான் திராட்சையின் அந்தப் பச்சைக் கறிமிளகாய் மணம் எனக்குப் பிடிக்கவில்லை, பன்னிரண்டு போட்டேன். மனைவி பதினாறு போட்டா. தென்மேற்கு மதிரானுக்கு, தன்னாத் திராட்சை, முதல் நாள் எல்லோரும் பத்துக்குக் கீழே. மிச்சத்தைத் தக்கையால் மூடிவைத்து அடுத்த நாள் மாட்டிறைச்சியோடு குடித்தபோது பதினாலு. காற்றுப் பட்டு இறுக்கம் தளர்ந்துவிட்டது. ஆகவே துவர்ப்புக் கூடிய வைனை முதல் வாயிலேயே ஒதுக்கிவிடாதீர்கள். ஸ்பானிய வைன் இதைவிட மலிவு என்று சொல்வீர்கள், உண்மைதான், கேள்வி பிரெஞ்சு வைனைப் பற்றியது.

கடையில் நிற்கும்போது போத்தலின் தலையைப் பாருங்கள். மூடியின் மேல் பிரெஞ்சுக் குடியரசின் சின்னமான மரியான் என்ற பெண்ணின் உருவத்துக்குப் பக்கத்தில் R என்ற எழுத்து இருந்தால் திராட்சை வளர்த்தவரே செய்த வைன், N என்றால் வாங்கி விற்கும் வியாபாரி. இப்போது எல்லாப் போத்தலிலும் அது இருப்பதில்லை. இருந்தால் உதவும்.

இனிப்பு வைன்தான் என் பலவீனம். எங்களவர்கள் இந்தப் பக்கம் எட்டியே பார்ப்பதில்லை என்பது எனக்குப் பெரிய மனவருத்தம்.

சோத்தேர்ன் என்ற பெயரைக் கேட்டிருப்பீர்கள். பொர்தோவுக்குத் தெற்கே, குளிர்ந்த சிரோன் ஆறு சற்றுச் சூடான கரோன் ஆற்றில் சேருமிடத்தில் இலையுதிர்காலக் காலைகளில் மூடுபனி எழும். அந்த ஈரத்தில் பழத்தில் பொட்ரிடிஸ் என்ற பூஞ்சணம் பிடிக்கும். மத்தியான வெயில் அதை அழுக விடாமல் காயவைக்கும். தோலில் நுண்ணிய துளைகள் விழுந்து தண்ணீர் வெளியேற, சீனியும் புளிப்பும் உள்ளே இறுகும். மேன்மையான அழுகல் என்று பெயரே வைத்திருக்கிறார்கள். எல்லாப் பழமும் ஒரே நாளில் இந்தப் பதத்துக்கு வராது, திரும்பத் திரும்பத் தோட்டத்துக்குப் போய்ப் பொறுக்கி எடுக்க வேண்டும். ஒரு ஹெக்டயருக்கு ஆகக்கூடியது 2,500 லீற்றர்தான் எடுக்கலாம் என்பது விதி. விலை அதனால். பொர்தோ வைன்களுக்கு 1855ஆம் ஆண்டு போட்ட தரவரிசையில் சோத்தேர்ன் செய்யும் இக்கெம் மாளிகையைத் தனியே உச்சியில் வைத்த பெருமையும் அந்த விலைக்குள் இருக்கிறது.

எங்கள் பைக்கு ஏற்றது கரோனின் மற்றக் கரை. லூப்பியாக், கடியாக், சாந்த்-குருவா-து-மோன். அதே செமியோன், சொவினியோன், முஸ்கதெல் திராட்சைகள், பத்துப் பன்னிரண்டு ஈரோ. இன்னும் கிழக்கே பெர்ஜராக் பக்கத்தில் மோன்பாசியாக் இருக்கிறது. சுற்றிவைத்துப் பார்த்த அன்றைக்கு, இருபத்திரண்டு ஈரோவுக்கு வாங்கிய சோத்தேர்னுக்குப் பதினாலும், பதினொரு ஈரோ மோன்பாசியாக்குக்குப் பதினைந்தும் விழுந்தது. தேன், தோடம்பழத் தோல், நல்ல பதத்தில் குங்குமப்பூ. விலையுயர்ந்த சோத்தேர்ன் எதுவும் இதற்கு ஈடில்லை என்று நான் சொல்லவில்லை. அந்த விலைக்கு அந்தப் போத்தல் அப்படி இருந்தது, அவ்வளவுதான்.

அன்றைக்கு முதலிடம் லுவார் பக்கத்துக் கொத்தோ து லெயோனுக்கு, பன்னிரண்டு ஈரோ, பதினாறரை. ஷெனான் திராட்சையின் புளிப்புத்தான் காரணம். சீனிக்கு அடியில் எலுமிச்சைபோல் ஒரு முதுகெலும்பு இல்லாவிட்டால் இனிப்பு வைன் சீனிப்பாகாகிவிடும். மதிப்பெண் போடும்போது இதைத் தேடுங்கள். விழுங்கிய பின் வாய் பிசுபிசுக்கிறதா, ஊறுகிறதா?

பிறகு பிழை ஒன்று செய்தோம். மோன்பாசியாக்கை வட்டிலப்பத்தோடு பரிமாறினோம். வைன் செத்துப்போனது, வெறும் புளித்தண்ணி. வைனின் இனிப்பு பலகாரத்தின் இனிப்பைவிடக் கூடவாக இருக்க வேண்டும். வட்டிலப்பத்துக்கும் பயற்றம் பணியாரத்துக்கும் தெற்கே ருசியோனுக்குப் போக வேண்டும், மோரி, பானியுல்ஸ் என்ற வைன்களுக்கு. கிரனாஷ் திராட்சைச் சாறு பாதி நொதித்த நிலையில் சாராயம் ஊற்றி நொதிப்பை நிறுத்துவார்கள், சீனி உள்ளேயே நின்றுவிடும். 13ஆம் நூற்றாண்டில் ஆர்னோ து வில்நெவ் என்ற மருத்துவ அறிஞர் கண்ட முறை என்று அந்தப் பக்கத்தில் சொல்வார்கள். பதினைந்து, பதினாறு பாகை அல்ககோல், சின்னக் கிளாஸ் போதும். வருடக்கணக்காகப் பீப்பாவில் கிடந்த மோரியை மணந்தபோது எனக்குக் கோப்பியும் பேரீச்சம்பழமும் வந்தன. மனைவி ஒரே சொல்லில் முடித்தா: "பனங்கட்டி." நான் தேடிக்கொண்டிருந்த சொல் அதுதான். பதினாலு ஈரோ, உங்கள் கணக்குக்கு இரண்டு ஈரோ கூட, ஆனால் வட்டிலப்பத்துக்குப் பக்கத்தில் தலை நிமிர்ந்து நின்றது அது ஒன்றுதான்.

விருந்துக்கு என்றால் மொர்கோன் ஒன்றும் லெயோன் ஒன்றும் கொண்டு போங்கள். லெயோனை எட்டுப் பத்துப் பாகைக்குக் குளிரவைத்துக் கொண்டு போய், சாப்பாட்டு முடிவில் வரும் நீலப் பூஞ்சணப் பாற்கட்டியோடு திறக்கச் சொல்லுங்கள். மிச்சம் இருந்தால் மூடிக் குளிரில் வைக்க ஒரு கிழமை நிற்கும். சிவப்பை இரண்டு மூன்று நாளுக்குள் முடிக்க வேண்டும். பீப்பாவில் கிடந்த மோரி மாதக்கணக்கில் கெடாது, எங்கள் வீட்டில் மாப்பேணி வைத்திருக்கும் அலுமாரியில் ஒரு போத்தல் எப்போதும் திறந்தபடி இருக்கும்.