நடை மட்டும் போதுமா?

கேள்வி: அப்பாவுக்கு வயது 70, எடை 60 கிலோ. தினமும் நடக்கிறார், ஆனாலும் கையூன்றித்தான் எழுகிறார். ஏன்?
– வாசகர், கருங்கல்

பதில்: நடை இதயத்துக்கு நல்லது, தொடைத் தசைக்குப் பாரம் வேண்டும். சுவரோடு ஒட்டிய நாற்காலியில் தலையணை போட்டு உயர்த்தி, கையூன்றாமல் எழுந்து உட்காரச் சொல்லுங்கள். 8 முதல் 12 முறை, 3 சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாள். உட்காரும்போது மூன்று எண்ணி மெதுவாக இறங்கட்டும்; பொத்தென்று விழுந்தால் தசைக்கு வேலையே இல்லை. எளிதானதும் தலையணையை எடுத்துவிடலாம்.

தசை வளர அவர் எடைக்குப் புரதம் நாளுக்கு 60 முதல் 72 கிராம் தேவை. நம்மூர்க் காலைச் சாப்பாட்டில்தான் ஓட்டை: 100 கிராம் மரச்சீனியில் (மரவள்ளிக்கிழங்கில்) புரதம் இரண்டு கிராம்கூட இல்லை. கூடவே இரண்டு முட்டை, அவித்த சிறுபயறு கொடுங்கள். மதியம் முள் நீக்கி 100 கிராம் சாளை (மத்தி மீன்) என்றால் சுமார் 20 கிராம் கிடைக்கும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மருத்துவரிடம் கேட்காமல் புரதத்தைக் கூட்டவே கூடாது.