கிரகணத்தில் காய் நறுக்கினால் குழந்தைக்கு உதடு பிளக்குமா?

காரைக்குடியிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: பேரனுக்குப் பிறவியிலேயே உதடும் அண்ணமும் (வாயின் மேல்கூரை) பிளந்திருக்கின்றன, கிரகணத்தன்று மருமகள் அரிவாள்மனையைத் தொட்டதுதான் காரணம் என்கிறார் அப்பத்தா.

இல்லை. கருவில் முகத்தின் பகுதிகள் இரு பக்கத்திலிருந்தும் வளர்ந்து வந்து நடுவில் ஒட்ட வேண்டும். உதடு சுமார் 4 முதல் 7 வாரத்திலும், அண்ணம் 6 முதல் 9 வாரத்திலும் உருவாகின்றன. அந்த ஒட்டல் முழுமையாகாவிட்டால் பிளவு. பரம்பரை, தாயின் சர்க்கரை நோய், சில வலிப்பு மாத்திரைகள் காரணமாகலாம். பெரும்பாலும் ஒரே காரணத்தைச் சுட்ட முடியாது. மருமகளைத் திட்டுவதை முதலில் நிறுத்துங்கள்.

இப்போதைய கவலை பால்தான். அண்ணம் பிளந்திருந்தால் உறிஞ்ச முடியாது, பால் மூக்கு வழியே வரும். பிள்ளையை நிமிர்த்திப் பிடித்து, பீய்ச்சிய தாய்ப்பாலைச் சங்கில் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டி, அடிக்கடி ஏப்பம் விட வையுங்கள். எடை ஏறினால்தான் ஆபரேஷன்.

உதட்டுக்குப் பொதுவாக 3 முதல் 6 மாதத்தில், அண்ணத்துக்கு 9 முதல் 18 மாதத்தில். அப்புறம் பேச்சுப் பயிற்சி, காது பரிசோதனை, பல் சிகிச்சை. ஸ்மைல் ட்ரெயின் என்ற தொண்டு நிறுவனத்தின் உதவியுடன் பல மருத்துவமனைகளில் ஆபரேஷன் இலவசம். அரசு மருத்துவமனையிலும் விசாரியுங்கள்.