சீனி வருத்தம் உள்ளவரின் கால் புண் ஏன் ஆறாமல் நிற்கிறது?

தம்பியின் கையில் பட்ட வெட்டு பத்து நாளில் ஆறிவிட்டது என்றும், சீனி வருத்தம் (நீரிழிவு) உள்ள அம்மாவின் உள்ளங்காலில் வந்த சிறு புண் இரண்டு மாதமாகியும் அப்படியே இருக்கிறது என்றும் எழுதி, காரணம் கேட்டிருக்கிறீர்கள். நான் ஹட்டன் பக்கத்தில் உயர்தர மாணவர்களுக்கு உயிரியல் கற்பிப்பவன். கொழுந்து பறித்து எங்களை வளர்த்த என் அம்மாவின் காலிலும் இதே போன்ற புண் இருந்தது.

முதலில் ஆறிய காயத்தைப் பார்ப்போம். தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும்போது என் அப்பாவின் முழங்காலுக்குக் கீழே ஒருமுறை கத்தி இறங்கிவிட்டது. அப்படிப்பட்ட காயத்தில் குருதியை உறையவைக்கும் சிறுதட்டுகள், அதே வேளையில் பி.டி.ஜி.எஃப்., டி.ஜி.எஃப்.-பீட்டா என்னும் வளர்ச்சிக் காரணிகளையும் வெளியிடுகின்றன. அதாவது, திருத்த வேலைக்கான அழைப்பு முதல் நிமிடங்களிலேயே போய்விடுகிறது. ஆனால் திருத்துவதற்கு முன் துப்புரவு நடக்க வேண்டும். டி.என்.எஃப்.-ஆல்ஃபா, இன்டர்லியூகின்-1 போன்ற சைட்டோகைன்கள், அதாவது கலங்கள் ஒன்றுக்கொன்று அனுப்பும் செய்திப் பொருள்கள், குருதிக்குழாய்களின் சுவரை இளக்கி, நியூட்ரோபில் என்னும் வெண்குருதிக் கலங்களை உள்ளே வரவழைக்கின்றன. நாம் பயப்படும் சிவப்பும் சூடும் வீக்கமும், அதாவது அழற்சி, இவற்றால் வருவதே. கிருமியைக் கொல்ல நியூட்ரோபில்கள் கொட்டும் நொதியங்களுக்குக் கிருமி எது, நம் இழையம் எது என்று பிரித்தறியத் தெரியாது. ஆகையால் முதல் சில நாள்களில் நம் உடலே காயத்தைச் சற்று அரிக்கிறது.

அந்த அரிப்பு எப்படி நிற்கிறது என்பதுதான், என்னைப் பொறுத்தவரை, இந்தப் பாடத்திலேயே மிக அழகான பகுதி. வேலை முடிந்த நியூட்ரோபில்கள் தாமாகவே மடிகின்றன. அவற்றை மேக்ரோஃபேஜ் என்னும் பெருந்தின்கலங்கள் விழுங்குகின்றன. விழுங்கிய அச்செயலே அவற்றின் குணத்தை மாற்றிவிடுகிறது. அதுவரை டி.என்.எஃப்.-ஆல்ஃபாவை அனுப்பி அழற்சியைத் தூண்டிய அதே வகைக் கலங்கள், அதன் பின் இன்டர்லியூகின்-10, டி.ஜி.எஃப்.-பீட்டா ஆகியவற்றை வெளியிட்டு அழற்சியைத் தணித்து, தோலுக்கு வலிமை தரும் நாராகிய கொலாஜனை நெய்யும் கலங்களை வேலைக்கு அழைக்கின்றன. வெளியிலிருந்து யாரும் கட்டளையிடுவதில்லை. குப்பை அகன்றது என்பதே கட்டட வேலை தொடங்குவதற்கான செய்தி. (டி.ஜி.எஃப்.-பீட்டா அளவுக்கு மீறினாலும் தழும்பு தடித்துவிடும். அளவாக இருந்தாலும், ஆறிய தோல் பழைய வலிமையில் ஏறத்தாழ 80 சதவீதத்துக்கு மேல் பெறுவதில்லை.)

உங்கள் அம்மாவின் புண்ணில் இந்தத் திருப்பம்தான் தடைபட்டிருக்க வேண்டும். நீண்டகாலம் உயர்ந்து நிற்கும் சீனி, பெருந்தின்கலங்களை முதல் கட்டத்திலேயே தங்கவைக்கிறது. டி.என்.எஃப்.-ஆல்ஃபா குறைவதில்லை, கொலாஜனை வெட்டும் நொதியங்களும் குறைவதில்லை. புதிதாக நெய்யப்படும் நாரையும், வளர்ச்சிக் காரணிகளையுமே அவை வெட்டிப்போடுகின்றன. போதாததற்கு, கால் நரம்புகள் உணர்விழந்திருப்பதால், ஒவ்வோர் அடியிலும் புண் மீண்டும் நசுங்குவது அவருக்குத் தெரிவதில்லை.

பி.டி.ஜி.எஃப். அடங்கிய களிம்பொன்று நீரிழிவுக் கால் புண்ணுக்கென 1997இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஆயினும் அதைத் தடவினால் மட்டும் போதாது. இறந்த தசையை அகற்றிச் சுத்தம் செய்த புண்ணில்தான் அது பயன்படும். என் அம்மாவின் புண் ஓரத்தைத் தாதி வெட்டியெடுத்தபோது, இருக்கிற புண்ணைப் பெரிதாக்குகிறார்களே என்று நான் மனம் வருந்தினேன். தேங்கிப்போன புண்ணை மறுபடியும் முதல் நாள் காயமாக மாற்றி, புதுக் குருதியும் சிறுதட்டுகளும் வர வழிசெய்கிறார்கள் என்பது பிறகுதான் விளங்கியது.

ஆகவே புண்ணின் மேல் கோப்பித்தூள் வைக்க வேண்டாம். அந்நியத் துகள் ஒவ்வொன்றும் நியூட்ரோபில்களை மறுபடி அழைக்கும். சீனியின் அளவைப் பார்த்து, கிளினிக்கில் காலைக் காட்டுங்கள். கருமையோ துர்நாற்றமோ காய்ச்சலோ கண்டால் அன்றே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தக் காலில் பாரம் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் லயத்திலிருந்து பாதைக்கு ஏறும் படிகளை அம்மா ஏறி இறங்குவதை நிறுத்திய பிறகுதான், புண்ணின் ஓரத்தில் இளஞ்சிவப்பாகப் புதுத்தோல் தெரிந்தது.