பழைய மில்லை ஊர்க் கலைக்கூடமாக்க டிரஸ்டா, சங்கமா?

கேள்வி: பென்னாகரம் பக்கம் எங்கள் ஊர். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், ஓடாமல் கிடக்கும் தம் அரிசி மில்லையும் சுற்றியுள்ள 14 சென்ட் நிலத்தையும் ஊருக்கு எழுதித் தரத் தயாராக இருக்கிறார். தெருக்கூத்துப் பயிற்சி, வாசிப்பறை, இறகுப்பந்து, கேரம் என்று எல்லாரும் வந்துபோகும் இடமாக நடத்த ஆசை. டிரஸ்ட் தொடங்குவதா, சங்கமாகப் பதிவதா? செலவைச் சமாளிக்க ஹாலைக் காதுகுத்து, நிச்சயதார்த்தத்துக்கு வாடகைக்கு விடலாமா?

பதில்: நிலமும் கட்டடமும் கைக்கு வருவதால் டிரஸ்ட்தான் பொருத்தம் என்பேன். சங்கம் என்றால், 1975-ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி குறைந்தது 7 பேர் வேண்டும். ஆண்டுதோறும் பொதுக்குழு கூட்டி, மாவட்டப் பதிவாளரிடம் கணக்கு கொடுக்க வேண்டும். நல்ல முறைதான். ஆனால் திடீரென்று நிறையப் பேரை உறுப்பினராகச் சேர்த்து ஒரு தேர்தலை ஜெயித்துவிட்டால், சொத்தின் போக்கையே மாற்றிவிட முடியும். டிரஸ்டில் நோக்கம் பத்திரத்திலேயே கட்டுப்பட்டு நிற்கும்.

அதனால் பத்திரத்துக்குத்தான் அதிக நேரம் கொடுங்கள். யாரோ எழுதி வைத்த மாதிரியில் பெயரை மட்டும் மாற்றிச் சார்பதிவாளர் அலுவலகத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். ஆயுள்கால டிரஸ்டிகள் வேண்டாம். ஏழு பேர் என்றால் ஒன்றிரண்டு இடம் நன்கொடையாளர் தரப்புக்குப் போதும். மற்றவர்களுக்கு மூன்றாண்டுப் பதவிக்காலம். அதில் ஒரு கூத்து வாத்தியாரும் இரண்டு பெண்களும் கட்டாயம் இருக்கட்டும். ஒருவர் இறந்தாலோ விலகினாலோ அந்த இடத்தை எப்படி நிரப்புவது, டிரஸ்ட் கலைந்தால் சொத்து இதே நோக்கமுள்ள வேறொரு பொது அறக்கட்டளைக்குத்தான் போக வேண்டும் என்பதையெல்லாம் எழுதிவிடுங்கள். பாப்பாரப்பட்டியில் சுப்பிரமணிய சிவா பாரதமாதா ஆலயம் எழுப்ப நினைத்தார், 1923-இல் வங்கத் தலைவர் சி.ஆர். தாஸ் வந்து அடிக்கல் நாட்டினார். 1925-இல் சிவா மறைந்தபின் பல பத்தாண்டுகள் அந்த வேலை நின்றுபோனது. அவ்வளவு பெரிய மனிதர் தொடங்கிய காரியத்துக்கே அந்த நிலை என்றால், நம் ஊர்க் காரியத்தில் அடுத்து யார் என்பதை இன்றே எழுதி வைக்க வேண்டும்.

இன்னொன்றைக் கண்டிப்பாகச் சொல்கிறேன். 'எங்கள் சமூகத்தாருக்கு' என்ற வார்த்தை பத்திரத்தில் எங்கும் வரக் கூடாது. குறிப்பிட்ட சாதிக்கோ மதத்தாருக்கோ மட்டும் பயன்படும் டிரஸ்டுக்கு வருமான வரி விலக்கு கிடைக்காது. சட்டத்தை விடுங்கள், காலனிப் பிள்ளைகள் வாசலில் நின்று எட்டிப் பார்க்கிற இடமாக இருந்தால் இவ்வளவு பாடும் எதற்கு? 'சாதி, மத, பால் வேறுபாடின்றி அனைவருக்கும்' என்றே எழுதுங்கள், அப்படியே நடத்துங்கள்.

சரி, வாடகைக்கு வருவோம். விடலாம், ஆனால் அளவோடு. கலைப் பயிற்சி, விளையாட்டு போன்றவை வரிச் சட்டத்தில் பெரும்பாலும் 'பொதுப் பயன்பாட்டு நோக்கம்' என்ற வகையில் வரும். இந்த வகை டிரஸ்டுக்கு வணிகத் தன்மையுள்ள வரவு, அந்த ஆண்டின் மொத்த வரவில் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஆண்டு வரவு 6 லட்சம் என்றால் 1 லட்சத்து 20 ஆயிரம்தான் எல்லை. தாண்டினால் அந்த ஆண்டுக்கு விலக்கு போய்விடும். வைகாசி முகூர்த்தங்களில் விசேஷங்கள் அடுத்தடுத்து வந்தால் எல்லை நெருங்கிவிடும் என்பதால், மாதாமாதம் கணக்கைப் பாருங்கள். வகுப்புக் கட்டணம் அப்படி இல்லை. செலவுக்கு ஈடாகவோ அதற்குச் சற்று மேலோ வாங்குவது வணிகமாகாது என்று 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியிருக்கிறது. ஆகவே வாடகையை நம்பாமல், மாதச் சந்தாவையும் சிறு பயிற்சிக் கட்டணத்தையும் அடிப்படையாக வையுங்கள். கூத்து படிக்க வரும் பிள்ளைகளுக்கு மட்டும் இலவசமாகவே கற்றுக்கொடுங்கள். வாத்தியாருக்கான சம்பளத்தை இறகுப்பந்து ஆட வருகிறவர்கள் தாங்கட்டும். நிச்சயதார்த்தம் வருகிறது என்று பயிற்சி நாளை ஒருமுறை மாற்றினால், பிறகு ஒவ்வொரு முகூர்த்தத்துக்கும் மாறும். பயிற்சி நாட்களில் ஹால் வாடகைக்கு இல்லை என்று பலகையே வைத்துவிடுங்கள்.

டிரஸ்ட் பெயரில் பான் வாங்கி, வங்கிக் கணக்கு தொடங்கியதும் ஆடிட்டர் மூலம் 12ஏ (டிரஸ்டின் வருமானத்துக்கு வரி விலக்கு), 80ஜி (நன்கொடை தருபவருக்கு வரிச் சலுகை) பதிவுக்கு விண்ணப்பியுங்கள். முதலில் மூன்றாண்டுக்குத் தற்காலிகப் பதிவு கிடைக்கும். 2025-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் என்பதால் பிரிவு எண்கள் மாறுகின்றன. பழைய எண் சொன்னாலும் ஆடிட்டருக்குப் புரியும். வருமானத்தில் 85 சதவீதத்தை நோக்கத்துக்குச் செலவிட வேண்டும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கொடுத்தவருக்கு 80ஜி சலுகை இல்லை, எனவே வங்கி வழியாகவே வாங்குங்கள். டிரஸ்டியின் சொந்தக்காரருக்கு ஹாலைச் சும்மாவோ குறைந்த வாடகைக்கோ விடாதீர்கள், விலக்குக்கே ஆபத்து.

மில்லின் மூலப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று மூன்றையும் வக்கீலிடம் காட்டிய பிறகே ஆசிரியரிடம் தானப் பத்திரம் வாங்குங்கள். குடும்பத்துக்குள் எழுதும் செட்டில்மென்டுக்கான முத்திரைத்தாள் சலுகை இதற்குக் கிடையாது. அந்தச் செலவை முதலிலேயே ஒதுக்குங்கள். அவர் பிள்ளைகளையும் சாட்சிக் கையெழுத்துப் போட வைத்தால் பின்னால் தகராறு குறையும். மில்லுக்கு வாங்கிய மின் இணைப்பின் வகையை மாற்ற வேண்டும். பலர் கூடும் கட்டடம் என்பதால் தாசில்தாரிடம் பொதுக்கட்டட உரிமமும் வாங்குங்கள். பழைய சுவர், கூரை உறுதியைப் பொறியாளர் பார்க்காமல் ஒரு பிள்ளையையும் உள்ளே விடாதீர்கள்.

பயிற்சி தரும் கலைஞர்கள் நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் சேராமல் இருந்தால், விண்ணப்பம் எழுத நீங்கள் உதவுங்கள். பெங்களூரில் வேலை பார்க்கும் நம் ஊர்க்காரர்களின் பணத்தைத் தாராளமாக வாங்கலாம். வெளிநாட்டில் இருந்தாலும் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சொந்தப் பணத்தை வங்கி வழியே அனுப்பினால் தடையில்லை. அந்நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டவர் அனுப்பினால், வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி மத்திய உள்துறையின் அனுமதி வேண்டும். அது வரும்வரை ஒரு ரூபாய்கூட வாங்காதீர்கள்.