படிப்பு முடிந்தும் முடியாத கட்டணம்

வாசகர் கேள்வி – பதில்

(கல்லூரிக் கட்டணம் பற்றியும் கல்விக் கடன் பற்றியும் வந்த கேள்விகள் மட்டும் இந்த இதழில் இடம்பெறுகின்றன.)

கேள்வி: மற்ற பொருள்களின் விலை ஏறுவதைவிடக் கல்லூரிக் கட்டணம் வேகமாக ஏறுகிறதே, ஏன்? கல்லூரிகளின் பேராசைதான் காரணமா?

பதில்: பேராசைக்கு இதில் பங்கே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது ஒன்றையே காரணமாகக் காட்டினால், இலாப நோக்கமற்ற கல்லூரிகளிலும் அரசுப் பல்கலைக்கழகங்களிலும்கூடப் பல நாடுகளில் கட்டணம் உயர்ந்திருப்பதற்கு விளக்கம் கிடைக்காது. 1960-களில் வில்லியம் பௌமோல், வில்லியம் போவென் என்னும் இரு அமெரிக்கப் பொருளியலறிஞர்கள் நிகழ்கலைகளின் செலவுக் கணக்கை ஆராய்ந்தபோது கண்டறிந்த உண்மை கல்விக்கும் பொருந்தும். ஆலைத் தொழிலாளி ஒருவர் இயந்திரத்தின் துணையால் முன்பைவிடப் பல மடங்கு உற்பத்தி செய்கிறார். அதனால் அவருடைய ஊதியம் உயர்ந்தாலும் பொருளின் விலை அந்த அளவுக்கு உயர்வதில்லை. நாற்பது மாணவர்களின் விடைத்தாள்களைப் படித்துத் திருத்தும் ஆசிரியருக்கோ அன்று ஆன நேரமேதான் இன்றும் ஆகிறது. ஆனாலும் பிற துறைகளில் ஊதியம் உயரும்போது அவருக்கும் உயர்த்தித் தராவிட்டால் நல்லவர்கள் அந்தப் பணிக்கு வரமாட்டார்கள். ஆகவே கற்பிப்பதற்கான செலவு பொதுவான விலைவாசியைவிடச் சற்று வேகமாக ஏறுவது இயல்புதான்.

ஆனால் செலவு ஏறுவது ஒன்று, அந்தச் செலவை யார் சுமப்பது என்பது வேறொன்று. அண்மைக் காலத்தில் பெரிதும் மாறியிருப்பது இரண்டாவதே என்பது என் கருத்து. இங்கிலாந்தை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே 1998-இல் ஆண்டுக்கு 1,000 பவுண்டாகத் தொடங்கிய கட்டணத்தின் உச்சவரம்பு 2006-இல் 3,000 ஆகவும் 2012-இல் 9,000 ஆகவும் உயர்த்தப்பட்டது. அந்தக் காலத்தில் கற்பிக்கும் செலவு ஒன்பது மடங்காகிவிடவில்லை. அரசு பல்கலைக்கழகங்களுக்கு நேரடியாகக் கொடுத்துவந்த கற்பித்தல் மானியத்தின் பெரும்பகுதி 2012-ஐ ஒட்டிக் குறைக்கப்பட்டது. அந்தத் தொகை மாணவர்களின் பெயரில் கடனாக மாறியது. அமெரிக்காவிலும் 2008-ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு மாநில அரசுகள் பொதுப் பல்கலைக்கழகங்களுக்கான நிதியைக் குறைத்தபோது, அந்தப் பள்ளத்தை நிரப்பியது மாணவர் கட்டணம்தான். கடன் எளிதாகக் கிடைப்பதே கட்டணத்தை ஏற்றிவிடுகிறது என்று 1987-இல் அந்நாட்டின் கல்விச் செயலராக இருந்த வில்லியம் பென்னட் வாதிட்டார். இலாப நோக்கில் நடக்கும் கல்லூரிகளைப் பொறுத்தவரை அதற்கு ஓரளவு சான்று உண்டு. மற்றவற்றில் ஆய்வு முடிவுகள் ஒருமித்து நிற்கவில்லை.

கேள்வி: இந்த ஆண்டு கல்லூரியில் சேரவிருக்கிறேன். படிக்கும் காலத்தில் ஒன்றும் கட்ட வேண்டாம், வேலை கிடைத்த பிறகு கட்டினால் போதும் என்று கடன் தருகிறவர்கள் சொல்கிறார்கள். அதுவரை கவலையின்றி இருக்கலாம் அல்லவா?

பதில்: தவணைக்குத்தான் விடுப்பு, வட்டிக்கு விடுப்பு உண்டா என்பதை ஒப்பந்தத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். அரசு வட்டி மானியம் இல்லாத பெரும்பாலான கடன்களில் பணம் கைமாறிய நாளிலிருந்தே வட்டி ஓடத் தொடங்கிவிடுகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நான்கு ஆண்டுப் படிப்புக்கு ஒவ்வோர் ஆண்டின் தொடக்கத்திலும் 100 வீதம் மொத்தம் 400 கடன் வாங்குகிறீர்கள் என்றும், வட்டி ஆண்டுக்கு 10 விழுக்காடு என்றும், படிப்பு முடிந்து மேலும் ஓராண்டு விடுப்பு உண்டு என்றும் வைத்துக்கொள்வோம். வட்டி ஆண்டுதோறும் அசலுடன் சேர்க்கப்பட்டால், முதல் ஆண்டு முடிவில் 110, இரண்டாம் ஆண்டு முடிவில் 231, மூன்றாம் ஆண்டு முடிவில் 364, படிப்பு முடியும்போது 511, விடுப்பு முடியும்போது ஏறத்தாழ 562 என்று அது வளர்ந்து நிற்கும். நீங்கள் கையில் வாங்கியது 400; ஒரு தவணைகூடத் தவறாத நிலையிலேயே 162 கூடிவிட்டது. அந்த 562-ஐப் பத்து ஆண்டுகளில் அடைப்பதானால் ஆண்டுக்கு ஏறத்தாழ 91 வீதம் மொத்தம் 914 கட்ட வேண்டியிருக்கும். மாறாக, படிக்கும் காலத்திலும் விடுப்புக் காலத்திலும் அந்தந்த ஆண்டின் வட்டியை மட்டும் கட்டிவந்தால் (10, 20, 30, 40, 40 என மொத்தம் 140), பிறகு அடைக்க வேண்டிய அசல் 400-ஆகவே நிற்கும். அதைப் பத்து ஆண்டுகளில் ஆண்டுக்கு ஏறத்தாழ 65 வீதம் அடைத்தால், முன்பு கட்டிய வட்டியையும் சேர்த்து மொத்தம் 791-இல் கணக்கு முடிந்துவிடும். முதல் ஆண்டில் வெறும் 10 கட்டுவது பெரும்பாலான குடும்பங்களுக்கு இயலக்கூடியதே. ஆயினும் கடன் கொடுப்பவர்களில் பலர் இதைத் தாமாக எடுத்துச் சொல்வதில்லை.

எனவே கையெழுத்திடும் முன் மூன்று செய்திகளை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். விடுப்புக் காலத்து வட்டி தனி வட்டியா, கூட்டு வட்டியா? அது எந்த நாளில் அசலுடன் சேர்க்கப்படும்? வட்டி விகிதம் நிலையானதா, மாறக்கூடியதா? மாறக்கூடியது என்றால், இன்றைய விகிதத்தைவிட இரண்டு மூன்று விழுக்காடு கூட்டியும் ஒருமுறை கணக்கிட்டுப் பாருங்கள்.

கேள்வி: படிப்புக்காக வாங்குவது நல்ல கடன் என்பார்கள். அப்படியானால் எவ்வளவு வேண்டுமானாலும் வாங்கலாமா?

பதில்: கூடாது. சராசரியாகப் பார்த்தால் பட்டதாரிகள் பட்டம் பெறாதோரைவிடக் கூடுதலாகச் சம்பாதிக்கிறார்கள் என்பது பெரும்பாலான நாடுகளில் உண்மை. ஆனால் கடன் சராசரி மனிதரின் பெயரில் இருப்பதில்லை. உங்கள் பெயரில் இருக்கிறது. அமெரிக்காவில் கல்விக் கடனைக் கட்ட முடியாமல் தவறுகிறவர்களைப் பற்றிய ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டும் செய்தி ஒன்று உண்டு: மிகப் பெரிய தொகையை வாங்கியவர்களைவிட, சிறு தொகையை வாங்கிப் படிப்பை இடையில் நிறுத்தியவர்களே அதிகமாகத் தவறுகிறார்கள். மருத்துவம் படித்து முடித்தவரிடம் பெருங்கடன் இருந்தாலும் அதை அடைக்கும் வருமானமும் இருக்கிறது. ஓராண்டு படித்து வெளியேறியவரிடம் கடன் மட்டுமே மிஞ்சுகிறது. ஆகையால், அந்தக் கல்லூரியில் சேருகிறவர்களில் எத்தனை பேர் பட்டத்தோடு வெளியே வருகிறார்கள் என்பதை முதலில் விசாரித்து அறிய வேண்டும். கட்டணப் பட்டியலைக்கூட அதற்குப் பிறகு பார்க்கலாம்.

விளம்பரத்தில் அச்சிடப்படும் மிக உயர்ந்த சம்பளத்தை வைத்துக் கணக்கிடாதீர்கள். அந்தப் பாடப்பிரிவில் படித்தவர்களில் நடுவில் நிற்கிறவருக்கு என்ன கிடைக்கிறது, அவருக்கும் கீழே இருப்பவருக்கு என்ன கிடைக்கிறது என்று முன்னாள் மாணவர்கள் சிலரிடம் நேரில் கேளுங்கள். மொத்தக் கடன் முதல் ஆண்டுச் சம்பளத்தைத் தாண்டக் கூடாது என்று நிதி ஆலோசகர்கள் சொல்லும் அளவுகோல் துல்லியமானதன்று என்றாலும், தொடக்கத்தில் கையில் வைத்துக்கொள்ளத் தகுந்தது. விடுதி, உணவு, நூல்கள், தேர்வுக் கட்டணம் ஆகியவற்றை விட்டுவிட்டுக் கணக்கிடும் குடும்பங்களே பெரும்பாலும் மூன்றாம் ஆண்டில் அதிக வட்டிக்கு வேறு கடன் தேடி அலைகின்றன.

கேள்வி: என் தங்கையின் மகனுக்காக நான் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும் என்கிறார்கள். வெறும் சடங்குதான் என்கிறார்களே?

பதில்: சடங்கன்று. அவர் கட்டத் தவறினால், கடன் கொடுத்தவர் சட்டப்படி உங்களிடம் வந்து முழுத் தொகையையும் கேட்கலாம். உங்கள் பெயரிலான கடன் வரலாறும் பாதிக்கப்படலாம். அந்தத் தவணையை நீங்களே கட்ட நேர்ந்தாலும் உங்கள் குடும்பம் தாங்கும் என்றால் கையெழுத்திடுங்கள். தாங்காது என்றால் இப்போதே மறுத்துவிடுவது, பின்னாளில் உறவே முறிவதைக் காட்டிலும் நல்லது.

கேள்வி: எந்த நாடாவது இதைச் சரியாகச் செய்திருக்கிறதா?

பதில்: குறையே இல்லாத ஏற்பாடு எங்கும் இல்லை. ஆயினும் ஏற்பாடுகளுக்கு இடையிலான வேறுபாடு மிகப் பெரியது.

ஆஸ்திரேலியா 1989-இல் கொண்டுவந்த முறையை நான் மதிக்கிறேன். அதில் மாணவர் படிக்கும்போது அரசு கட்டணத்தைச் செலுத்திவிடுகிறது. பின்னாளில் அவருடைய வருமானம் ஒரு வரம்பைத் தாண்டினால் மட்டுமே வரியோடு சேர்த்துத் தவணை பிடிக்கப்படுகிறது. வேலை போன ஆண்டில் தவணையும் நின்றுவிடும். இங்கிலாந்திலும் வரம்புக்கு மேற்பட்ட வருமானத்தில் 9 விழுக்காடு பிடிக்கப்பட்டு, குறிப்பிட்ட காலத்துக்குப் பிறகு மீதி தள்ளுபடியாகிறது. ஆனால் 2023 முதல் சேர்ந்தவர்களுக்கு அந்தக் காலம் 30 ஆண்டிலிருந்து 40 ஆண்டாக நீட்டப்பட்டுவிட்டது. ஆஸ்திரேலிய முறையிலும் சிக்கல் வராமல் இல்லை. கடன் விலைவாசியோடு இணைக்கப்பட்டிருந்ததால் 2023-இல் நிலுவைத் தொகைகள் ஒரே நாளில் 7.1 விழுக்காடு கூடின. கட்டிய தவணையைவிடக் கூடிய தொகை அதிகமாக இருந்ததைக் கண்டு பலர் கொதித்தெழுந்தார்கள். அதன் பிறகு, விலைவாசி, ஊதியம் ஆகிய இரண்டில் எது குறைவாக ஏறுகிறதோ அதையே கணக்கில் கொள்ளும்படி விதி மாற்றப்பட்டது; 2025-இல் நிலுவையில் 20 விழுக்காட்டைக் குறைக்கவும் சட்டம் இயற்றப்பட்டது.

ஜெர்மனியில் சில மாநிலங்கள் பருவத்துக்கு ஏறத்தாழ 500 யூரோ கட்டணம் விதித்துப் பார்த்துவிட்டு, 2014-க்குள் அனைத்தும் அதைக் கைவிட்டன. இலங்கையில் 1945 முதல் பல்கலைக்கழகம் வரை கல்வி இலவசம். பல தலைமுறைகளை உயர்த்திவிட்ட ஏற்பாடு அது. ஆனால் தகுதி பெறுவோரில் ஒரு பகுதியினருக்கே இடம் இருப்பதால், எஞ்சியவர்கள் பணம் கட்டும் கல்லூரிகளையோ வெளிநாட்டையோ நாட வேண்டியிருக்கிறது. கட்டணம் இல்லை என்று அறிவித்தால் போதாது, இடங்களையும் பெருக்க வேண்டும்.

இவற்றின் மறுகோடியில் அமெரிக்கா நிற்கிறது. 4 கோடிக்கும் மேற்பட்டவர்கள் அரசுக்குத் தர வேண்டிய கல்விக் கடன் மட்டும் 1.6 டிரில்லியன் (1.6 லட்சம் கோடி) டாலரைத் தாண்டிவிட்டது. வணிகத்தில் நொடித்தவர் திவால் அறிவித்து மீள்வதற்கு அங்கே வழி உண்டு. கல்விக் கடனில் சிக்கியவருக்கு அந்த வாயில் 1976-இல் பாதி மூடப்பட்டு, 1998-இல் ஏறத்தாழ முழுவதும் அடைக்கப்பட்டது. 18 வயதில் இட்ட கையெழுத்திலிருந்து 50 வயதிலும் விடுதலை இல்லை என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. கடன் எவ்வளவு என்பதைக் காட்டிலும், கெட்ட ஆண்டு ஒன்று வந்தால் அந்தக் கடன் கடன்பட்டவரை என்ன செய்யும் என்பதையே நான் ஓர் ஏற்பாட்டின் தராதரமாகக் கருதுகிறேன்.

கேள்வி: நான் வயிற்றைக் கட்டி வாயைக் கட்டிக் கடனை அடைத்து முடித்தேன். இப்போது மற்றவர்களின் கடனைத் தள்ளுபடி செய்ய வேண்டும் என்கிறார்கள். இது நியாயமா?

பதில்: உங்கள் வருத்தத்தை நான் தள்ளிவிடவில்லை. நீங்கள் இழந்த ஆண்டுகளை யாரும் திருப்பித் தரப்போவதில்லை. ஆனால் நம்மை வருத்திய சுமை அடுத்தவரையும் வருத்தியே தீர வேண்டும் என்று நின்றால் எந்தச் சீர்திருத்தமும் தொடங்காது. எனக்கு இருக்கும் ஐயம் வேறு: கட்டணம் ஏறும் வழியை அடைக்காமல் ஒருமுறை மட்டும் தள்ளுபடி செய்தால், அடுத்த ஆண்டு சேருகிறவர்களின் பெயரில் அதே கடன் மீண்டும் வளரத் தொடங்கிவிடும். வாக்குறுதியை மட்டும் நம்பியிருப்பதிலும் ஆபத்து உண்டு. அமெரிக்காவில் 2022-இல் அறிவிக்கப்பட்ட பெருந்தள்ளுபடித் திட்டத்தை 2023 ஜூனில் உச்ச நீதிமன்றம் செல்லாது என்று தீர்ப்பளித்தது. அதற்கு முன் 2007-இல், பொதுப் பணியில் பத்து ஆண்டுகள் இருந்து 120 தவணை கட்டியவர்களின் மீதிக் கடன் நீக்கப்படும் என்று அங்கே சட்டம் வந்தது. பத்து ஆண்டுகள் கழித்து முதல் விண்ணப்பங்கள் சென்றபோது, உரிய வகைக் கடன் இல்லை, உரிய தவணைத் திட்டம் இல்லை என்ற காரணங்களால் மிகப் பெரும்பாலோர் திருப்பி அனுப்பப்பட்டார்கள். எந்தச் சலுகையை நம்பிக் கடன் வாங்குகிறீர்களோ, அதன் நிபந்தனைகள் உங்களுக்குப் பொருந்துகின்றனவா என்று ஆண்டுக்கு ஒருமுறை எழுத்தில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: படித்து முடித்தும் சரியான வேலை அமையவில்லை. அடுத்த மாதத் தவணையைக் கட்ட வழியில்லை. வீட்டில் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. என்ன செய்வது?

பதில்: முதலில் வீட்டில் சொல்லிவிடுங்கள். வேலைச் சந்தை சுருங்கிய காலத்தில் வேலை அமையாதது உங்கள் குற்றமன்று. அதை மறைத்துத் தனியாகச் சுமப்பதால் வட்டி குறையப் போவதும் இல்லை. அடுத்து, தவணை நாள் வருவதற்கு முன்பே கடன் கொடுத்தவருக்கு எழுத்தில் தெரிவியுங்கள். தவணை தவறாத கணக்கில் காலத்தை நீட்டித் தருவதும் தொகையைக் குறைத்துத் தருவதும் எளிது. தவறிய பிறகு அது வாராக் கடன் என்ற வகைக்குள் போய்விட்டால், அலுவலர் மனம் வைத்தாலும் விதி இடம் தராமல் போகலாம். உங்கள் மடலில் வேலை தேடும் நிலை, இப்போதைய வருமானம், மாதம் எவ்வளவு கட்ட இயலும் என்பவற்றைக் குறிப்பிடுங்கள். தொலைபேசியில் தரப்படும் வாக்குறுதியோடு நின்றுவிடாமல், அதே செய்தியை எழுத்தில் அனுப்பும்படி கேளுங்கள். தவணைக் காலத்தை நீட்டினால் மொத்த வட்டி கூடும் என்பதையும் தெரிந்துகொண்டே ஒப்புக்கொள்ளுங்கள். வருமானம் சீரானதும் கூடுதலாகக் கட்டிக் காலத்தைக் குறைத்துக்கொள்ள அனுமதி உண்டா, அதற்குத் தண்டக் கட்டணம் உண்டா என்றும் அப்போதே கேட்டு வையுங்கள்.

பழைய கடனை அடைக்க அதைவிட அதிக வட்டிக்குக் கைக்கடனோ கடன் அட்டைப் பணமோ வாங்காதீர்கள். மிரட்டும் தொனியில் அழைப்புகள் வந்தால் நாளையும் நேரத்தையும் குறித்து வைத்து, அந்த நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுத்தில் புகார் அனுப்புங்கள். அங்கே பதில் கிடைக்காவிட்டால் அதற்கு மேலுள்ள ஒழுங்குமுறை அமைப்பை அணுகலாம். தூக்கம் கெட்டு, வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் தலைதூக்கினால், தவணையைப் பற்றிய யோசனையை ஒதுக்கி வைத்துவிட்டு, அன்றே ஒரு மருத்துவரிடமோ நம்பிக்கைக்குரிய ஒருவரிடமோ பேசுங்கள். மடலை நாளைக்குக்கூட எழுதிக்கொள்ளலாம்.