இரைச்சல் போடும் அந்தப் பெட்டியைப் பற்றி

அன்புள்ள அம்மா,

சாதாரண நிலைத் தேர்வை எழுதி முடித்த மகன், காரோசெல் என்ற இணையச் சந்தையில் வாங்கிய பழைய ஸ்விட்சுகளை, அதாவது கணினிகளை வலையமைப்பில் இணைக்கும் பெட்டிகளை, அறையில் அடுக்கிக்கொண்டு இரவெல்லாம் எதையோ தட்டிக்கொண்டிருக்கிறான் என்றும், ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பிச் செயற்கை நுண்ணறிவுப் பட்டம் படிக்க வைக்கும்படி அவன் பெரியப்பா வற்புறுத்துகிறார் என்றும் எழுதியிருந்தீர்கள். உங்கள் கவலை புரிகிறது. ஆனால் பெரியப்பாவின் யோசனை எனக்கு உடன்பாடில்லை.

மகன் செய்வது விளையாட்டன்று, ஒரு தொழிலுக்கான பயிற்சி. வலையமைப்பே அறுந்துவிட்டால், பழுதான ரவுட்டரை (வலையமைப்புகளுக்கிடையே தரவை வழிநடத்தும் கருவியை) அதன் வழியாக எட்ட முடியாது. அதற்காகவே தரவு மையங்களில் கன்சோல் சர்வர் என்ற பெட்டி இருக்கும். ஒவ்வொரு கருவியிலும் நேரடியாகக் கட்டளையிட உள்ள கன்சோல் போர்ட் என்ற இணைப்புத் துளையிலிருந்தும் அதற்கு ஒரு கேபிள் வரும். அதன் வழியே பல கருவிகளுக்குள் தானாக நுழைய ஸ்கிரிப்ட் என்ற சிறு நிரல் எழுதுகிறார்கள். 1990இல் டான் லைப்ஸ் உருவாக்கிய எக்ஸ்பெக்ட் என்ற மென்பொருள் முதல் இன்றைய பைத்தான் நிரல்மொழியின் பீஎக்ஸ்பெக்ட் வரை முறை ஒன்றுதான்: திரையில் இந்தச் சொல் வரும்வரை காத்திரு, வந்ததும் இதை அனுப்பு.

கேட்க எளிது. ஆனால் இணைந்தவுடன் கன்சோல் பெரும்பாலும் மௌனமாக இருக்கும். ஒரு என்டர் அனுப்பி அதை எழுப்ப வேண்டும். எழுந்ததும் பயனர் பெயரைக் கேட்கலாம். முன்பு வந்தவர் வெளியேறாமல் போயிருந்தால், முழு அதிகார நிலையிலேயே திறந்து கிடக்கலாம். கருவி வினாடிக்கு 9600 பிட் வேகத்திலும் சர்வர் 115200 பிட் வேகத்திலும் இருந்தால் குப்பை எழுத்துகள்தான் வரும். இவற்றையெல்லாம் முன்கூட்டியே எண்ணி, காத்திருப்புக்கு வரம்பு வைத்து, கடவுச்சொல்லை ஸ்கிரிப்டுக்குள் எழுதிவைக்காமல், முடிந்ததும் முறையாக வெளியேறும்படி எழுதுவதே இத்தொழிலின் திறமை. உங்கள் மகன் என்னிடம் காட்டிய ஸ்கிரிப்டில், வெளியேறாமல் விடப்பட்ட கன்சோலுக்கும் வழி செய்திருந்தான். அதை அவனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

இங்கே சிங்கப்பூரிலேயே பலதுறைத் தொழிற்கல்லூரியில் 3 ஆண்டு தகவல் தொழில்நுட்பப் பட்டயம் படிக்கட்டும். அதன் கட்டணத்துக்கு உங்கள் மத்திய சேமநிதியிலிருந்து கல்விக் கடன் பெறலாம். மகன் அதை வட்டியோடு திருப்பிச் செலுத்த வேண்டும். வெளிநாட்டுப் படிப்புக்கு அந்த வசதி கிடையாது. வெளிநாட்டுப் பட்டப்படிப்புக்காகக் கட்டாயத் தேசிய சேவையைத் தள்ளிப்போடவும் விடமாட்டார்கள். வற்புறுத்தும் பெரியப்பா, செலவில் பங்கேற்பதாக உங்கள் கடிதத்தில் எங்கும் இல்லை என்பதையும் கவனித்தேன்.

ஸ்விட்சின் விசிறிச் சத்தம் உறக்கத்தைக் கெடுக்கிறது என்றால், இரவு 10 மணிக்கு மேல் அணைத்துவைக்கச் சொல்லுங்கள், விற்கச் சொல்லாதீர்கள்.