எத்தியோப்பியாவுக்கு வரலாமா? முதலில் ஊரைச் சொல்லுங்கள்

தம்பி, தமிழ்நாட்டில் ஒரு சுயநிதிப் பொறியியல் கல்லூரியில் உதவிப் பேராசிரியராக இருக்கிறீர்கள். எத்தியோப்பியாவின் அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றிலிருந்து இரண்டாண்டு ஒப்பந்தம் வந்திருக்கிறது. "போர் நடந்த நாடாமே, வரலாமா? மனைவியையும் ஐந்து வயது மகளையும் அழைத்து வரலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். சம்பளத்தை டாலரில் விவரமாக எழுதிவிட்டு ஊர்ப்பெயரை மட்டும் விட்டுவிட்டீர்கள். எனக்கு முதலில் வேண்டியது அதுதான். இந்த நாட்டில் ஒரு மாநிலம் எரியும்போது அடுத்த மாநிலத்தில் கல்யாணம் நடக்கும். நான் வடக்கே திக்ராய் மாநிலத் தலைநகர் மெக்கெல்லேயிலும் அம்ஹாரா மாநிலத் தலைநகர் பாஹிர் தாரிலும் பாடம் நடத்திவிட்டு இப்போது தெற்கே ஹவாஸாவில் இருக்கிறேன். முதல் இரண்டு ஊர்களிலும் சண்டையைப் பார்த்தேன். ஹவாஸாவில் ஏரி மீனைப் பொரித்துத் தின்கிறேன்.

மத்திய அரசுக்கும் திக்ராய் மாநிலத்தை ஆண்ட கட்சிக்கும் இடையிலான திக்ராய் போர் 2020 நவம்பர் 4, புதன்கிழமை விடியும்போதே தொடங்கியிருந்தது. மெக்கெல்லேயில் இருந்த எங்களுக்கு அது குண்டுச் சத்தமாக வரவில்லை. காலையில் கைபேசியில் சிக்னல் இல்லை, இணையம் இல்லை. எத்தியோப்பியாவில் இதெல்லாம் அவ்வப்போது நடப்பதுதான் என்று யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வங்கிக்குப் போனவர்கள் கதவு மூடியிருப்பதாகத் திரும்பி வந்தபோதுதான் வளாகத்தில் பேச்சு மாறியது. அந்த செப்டம்பரில்தான் அரசு பழைய பிர் (எத்தியோப்பிய நாணயம்) நோட்டுகளைச் செல்லாததாக அறிவித்து, மாற்றிக்கொள்ள மூன்று மாதம் கெடு கொடுத்திருந்தது. கெடு ஓடிக்கொண்டிருக்க வங்கி மூடிக் கிடக்கிறது. 2016 நவம்பரில் நம் ஊரில் ஏடிஎம் வரிசையில் நின்றவர்களுக்கு இதில் பாதி புரியும். வரிசையே இல்லாமல் போவது மறுபாதி.

அதனால்தான் இங்கு வரும் ஒவ்வொருவரிடமும் இதைச் சொல்கிறேன்: இரண்டு மாதச் செலவுக்கான பணம் எப்போதும் கையில், வீட்டில் இருக்கட்டும். கொஞ்சம் பிர், கொஞ்சம் டாலர். அட்டையையும் செயலியையும் நம்பாதீர்கள். டாலரைக் கொண்டுவரும்போது விமான நிலையத்தில் கணக்குக் காட்டிவிடுங்கள்; காட்டாத டாலர் பின்னால் தலைவலி. வீட்டில் அரிசி, பருப்பு, எண்ணெய், மெழுகுவர்த்தி, தண்ணீர் டப்பா இருக்க வேண்டும். டெகெஸே நீர்மின் அணையை வகுப்பில் நான் வாய் ஓயாமல் சொல்வேன். 188 மீட்டர் உயரம், இரட்டை வளைவு, இந்தக் கண்டத்தின் உயரமான அணைகளில் ஒன்று என்றெல்லாம். அந்த அணை இருக்கும் மாநிலத்தின் தலைநகரில்தான் நாங்கள் மின்சாரமில்லாமல் இருட்டில் உட்கார்ந்திருந்தோம்.

வகுப்பைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் வேலைக்கு வருகிறவர் அதைத்தான் கேட்டிருக்க வேண்டும். இங்கே மாணவர்களைப் பல்கலைக்கழகங்களுக்குப் பிரித்து அனுப்புவது மத்திய அரசு. ஒரே வகுப்பில் திக்ராய்ப் பையன், அம்ஹாரா பையன், ஒரோமோ பெண், சோமாலிப் பெண் எல்லோரும் இருப்பார்கள். அமைதிக் காலத்தில் இதைவிட அழகான வகுப்பு கிடையாது. போர் வந்ததும் முதலில் மாறுவது அவர்கள் உட்காரும் இடம். எப்போதும் சேர்ந்து உட்காரும் மூவர் மூன்று பெஞ்சுக்குப் போய்விடுவார்கள். அண்ணன் ராணுவத்தில் இருக்கும் பையனும், அந்த ராணுவத்தை எதிர்க்கும் படையில் சித்தப்பா இருக்கும் பையனும் ஒரே வினாத்தாளை எழுதுவார்கள். கொரோனாவுக்காக மூடிய வளாகம் அப்போதுதான் மெல்லத் திறந்திருந்ததால் மெக்கெல்லேயில் அந்த நவம்பரில் கூட்டம் குறைவு. இருந்தவர்களில் வெளிமாநிலப் பிள்ளைகள் விடுதியைவிட்டு வெளியே வரவே தயங்கினார்கள். சில நாட்கள் பாடம் நடத்தினேன். யாரும் குறிப்பெடுக்கவில்லை. ஆனால் வகுப்பு முடிந்த பிறகும் எழுந்து போகவில்லை.

அப்படிப்பட்ட வகுப்பில் ஆசிரியர் என்ன பேச வேண்டும்? பாடத்தை மட்டும். "சார், இந்தியாவில் இதைப் பற்றி என்ன சொல்கிறார்கள்?" என்று ஒருவன் கேட்பான். அப்பாவித்தனமாகத்தான் கேட்பான். நீங்கள் சொல்லும் பதில் மாலைக்குள் மூன்று விதமாக வளாகத்தைச் சுற்றும். கட்சிப் பெயரும் தலைவர் பெயரும் உங்கள் வாயில் வரக்கூடாது. இதைக் கோழைத்தனம் என்று என் நண்பர் ஒருவர் திட்டினார். ஒப்பந்தத்தில் வந்த அந்நியனின் கருத்தால் அந்தப் பிள்ளைகளில் ஒருவருக்குக்கூட நன்மை இல்லை என்பது என் முடிவு. கதவைத் தாழிட்டு அழுகிற பையனுக்கு உட்கார இடம் கொடுங்கள், காபி கொடுங்கள். அதற்கு எந்தத் தரப்பும் கோபித்துக்கொள்ளாது.

விமானத் தாக்குதல்கள் தொடங்கிய பிறகு, பெயர் பதிந்திருந்த வெளிநாட்டவரைப் பஸ்களில் கிழக்கே உள்ள அஃபார் மாநிலம் வழியாகத் தலைநகர் அடிஸ் அபாபாவுக்கு அழைத்துப் போனார்கள். 2,000 மீட்டருக்கு மேல் இருக்கும் குளிர்ந்த ஊரிலிருந்து அஃபார் தாழ்நிலத்தின் கொதிப்புக்குள் இறங்கும் பாதை அது. நவம்பர் 28 அன்று மத்தியப் படை மெக்கெல்லேக்குள் நுழைந்தது. நாங்கள் அதை அடிஸில் தொலைக்காட்சியில் பார்த்தோம். தூதரகத்தில் பெயர் பதிந்து வையுங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள், நீங்களும் தலையாட்டுவீர்கள். வந்த முதல் வாரத்திலேயே செய்துவிடுங்கள். இருப்பிட அனுமதி அட்டையின் நகல் ஒன்று ஊரிலும் இருக்கட்டும்.

நாங்கள் வெளியே வந்துவிட்டோம். என்னுடன் ஒரே துறையில் இருந்த திக்ராய் ஆசிரியர்களுக்கு வெளியே வர வழியில்லை. 2021 ஜூனில் மெக்கெல்லே மீண்டும் திக்ராய் படையின் கைக்கு மாறியது. அதன் பிறகு வங்கி, தொலைபேசி, எரிபொருள் எல்லாம் அடைபட்டு, ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு சம்பளமே இல்லாமல் இருந்தார்கள். முனைவர் பட்டம் பெற்றவர்கள் வீட்டுச் சாமான்களை விற்றார்கள். அய்டெர் மருத்துவமனையில் மருத்துவர்களும் சம்பளமின்றியே வேலை செய்தார்கள். 2022 நவம்பர் 2 அன்று தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவில் அமைதி ஒப்பந்தம் கையெழுத்தானது, டிசம்பர் கடைசியில் மெக்கெல்லேக்கு விமானம் மறுபடி போனது. முதலில் தொடர்பு கிடைத்த நண்பர் என்னிடம் கேட்டது, பாதியில் நின்ற ஒரு மாணவனின் ஆய்வேட்டை இணையம் வழியாகத் திருத்தித் தர முடியுமா என்றுதான்.

பாஹிர் தார் கதை சிறியது. 2023 ஆகஸ்ட் தொடக்கத்தில் அரசை எதிர்க்கும் அம்ஹாரா ஆயுதக் குழுவான ஃபானோ படையினர் ஊருக்குள் வந்தார்கள், அவசரநிலை அறிவிக்கப்பட்டது, இணையம் மாதக்கணக்கில் வரவில்லை. அம்ஹாரா மாநிலத்தில் சண்டை அதோடு முடியவுமில்லை. உங்கள் ஒப்பந்தம் அங்குள்ள சிறு ஊர் ஒன்றுக்கு என்றால் என் பதில், இப்போது வேண்டாம். ஹவாஸா, அடாமா, அடிஸ் என்றால் வாருங்கள். மெக்கெல்லே என்றால் அங்கேயே இருக்கும் ஒருவரிடம் பேசிவிட்டு முடிவெடுங்கள். நான் பாசத்தில் பேசிவிடுவேன்.

குடும்பம்: முதல் பருவம் தனியாக வாருங்கள். அடிஸுக்கு வெளியே குழந்தைக்குப் பள்ளி கிடைப்பதே கடினம், போரெல்லாம் அப்புறம். சாப்பாட்டுக்குக் கவலைப்படாதீர்கள். புதன், வெள்ளி இரண்டு நாளும் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்களுக்குப் புலால் இல்லாத விரதம். இன்ஜெராவும் (புளித்த மாவில் சுடும் அப்பம்) பருப்பும் கீரையும் எந்தக் கடையிலும் கிடைக்கும். "இரண்டு மணிக்கு வகுப்பு" என்றால் காலை எட்டு. இங்கே மணி விடியலிலிருந்து தொடங்குகிறது. முதல் வகுப்புக்குச் சாப்பிட்டுவிட்டு மதியம் போய் நிற்காதீர்கள்.

சம்பளத்தில் எத்தனை பங்கு ஊருக்கு அனுப்பலாம், எந்த நாள் மாற்று விகிதத்தில் என்று ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்கிறதா பாருங்கள். 2024 ஜூலை இறுதியில் பிர்ரை மிதக்கவிட்டார்கள், அதாவது அதன் மதிப்பைச் சந்தையிடம் விட்டார்கள். 57 பிர்ராக இருந்த டாலர் சில வாரங்களில் 100ஐத் தாண்டியது. பிர்ரில் எழுதிய ஒப்பந்தக்காரர்களின் சேமிப்பு பாதியானது.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைச் சென்னையிலேயே போட்டு, பயணத்துக்குப் பத்து நாள் முன்பாவது அட்டையை வாங்கி வையுங்கள். திரும்பும்போது இந்திய விமான நிலையத்தில் அதைக் கேட்பார்கள். இல்லையென்றால் தனிமைப்படுத்தி வைப்பார்கள். சான்றிதழ்களுக்கு வெளியுறவு அமைச்சகத்தின் சான்றொப்பமும் டெல்லியிலுள்ள எத்தியோப்பியத் தூதரகத்தின் சான்றொப்பமும் வாங்கிவிடுங்கள். இடையில் எந்த முகவராவது "சேர்க்கைக் கட்டணம்" என்று கேட்டால் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். ஊர்ப்பெயரை எழுதுங்கள், மீதியைச் சொல்கிறேன்.